தூக்குத் தண்டனை வழக்கில் பிழை எங்கே நுழைகிறது? – கேள்வி பதில்

தவறான தீர்ப்பு, மரண தண்டனை பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. பிரிவு எண்கள் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டங்களின்படி தரப்பட்டுள்ளன. பி.என்.எஸ்.எஸ். என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்திலும், பி.எஸ்.ஏ. என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்திலும் வந்தவை.

கேள்வி: செஷன்ஸ் கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று மூன்று இடத்தில் பார்க்கிறார்கள். அப்புறமும் எப்படிங்க சார் தப்பு நடக்கும்?

மூன்று இடத்திலும் பார்ப்பது பெரும்பாலும் ஒரே வழக்குக் கட்டைத்தான். விசாரணை நீதிமன்றத்தில் பதிவான சாட்சியம்தான் மேலே போகிறது. அங்கே குறுக்கு விசாரணையில் கேட்கப்படாத கேள்வி, உயர் நீதிமன்றத்தில் கேட்கப்படாத கேள்வியாகவே இருக்கும்.

நாசிக் வழக்கைப் பாருங்கள். 2003-ல் ஒரு குடும்பத்தின் மீது நடந்த கொடூரத் தாக்குதல் அது. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் அதில் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்குமே தூக்கு என்றது. பத்து ஆண்டு கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. உயிர் பிழைத்த தாய், போலீஸ் காட்டிய பழைய குற்றவாளிகளின் புகைப்படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் விசாரிக்கவில்லை. அரசுத் தரப்பு அதை மறைத்தது என்று நீதிமன்றமே எழுதியது. வழக்கின் முதல் சில நாட்களில் நுழைந்த பிழையைக் கண்டுபிடிக்க 16 வருடம் ஆயிற்று.

கேள்வி: ஸ்டேஷனில் எழுதி வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்கிறார்கள். ஆனால் எல்லாக் கொலை வழக்குக் கட்டிலும் ஒன்று இருக்கிறதே?

பி.எஸ்.ஏ. பிரிவு 23-ன்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் கொடுத்தாலும், மாஜிஸ்திரேட் நேரில் இல்லாவிட்டால் செல்லாது. ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 27 இதுதான்.

உதாரணமாக, "அவரைக் குத்திய கத்தியை வாய்க்கால் ஓரப் புதரில் போட்டிருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்" என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். "கத்தியைப் புதரில் போட்டிருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்பது உள்ளே வரும். "அவரைக் குத்திய" என்ற இரண்டு சொல் உள்ளே வரக்கூடாது. ஆங்கிலேயர் ஆட்சியில் மேல்முறையீட்டின் கடைசி நீதிமன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் சொன்ன புலுக்குரி கோட்டையா தீர்ப்பிலிருந்து சட்டம் இதுதான். நடைமுறையில் முழு வாக்குமூலமும் சான்றாவணமாகக் குறியீடு ஆகிவிடுகிறது. அந்த நிமிடமே ஆட்சேபித்து, ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். நீதிபதி ஒருமுறை படித்துவிட்ட வரியை மனதிலிருந்து அழிக்க முடியாது.

பிறகு நேரங்களை ஒப்பிடுங்கள். கைது செய்த நேரம், கைப்பற்றுதல் மகஜரில் (பொருளை எடுத்ததைச் சாட்சிகள் முன் எழுதும் பத்திரம்) உள்ள நேரம், எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கைதுக்கு முன்பே கத்தி கிடைத்துவிட்டதாக மகஜர் சொன்னால், அது கண்டுபிடிப்பே அல்ல. "குற்றவாளி தானாக வி.ஏ.ஓ. முன் வந்து ஒப்புக்கொண்டார்" என்று வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். முன்பின் தெரியாத அதிகாரியிடம் போய் ஒருவர் ஏன் மனம் திறக்க வேண்டும் என்று கேளுங்கள். இப்படி நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் பலவீனமான சாட்சியம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலம் எப்படிச் செல்லுபடியானது?

தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் எஸ்.பி. நிலை அதிகாரி பதிவு செய்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது. 1998-ல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கும் மூவருக்கு ஆயுளும் நின்றன. அந்த வழக்கில் தடா குற்றமே பொருந்தாது என்று சொல்லிவிட்டு, தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி, ஓய்வு பெற்றபின் 2013-ல் ஓர் உண்மையை வெளியே சொன்னார். தான் வாங்கித் தந்த, குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட 9 வோல்ட் பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு வாக்கியம் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: 2022 மே 18 அன்று அவர் விடுதலையானது நிரபராதி என்ற தீர்ப்பால் அல்ல. முழு நீதி வழங்க அரசமைப்பு 142-வது பிரிவு தரும் தனி அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் பயன்படுத்தியதால்.

தடா இப்போது இல்லை. மகாராஷ்டிரத்தின் மோக்கா என்ற, கும்பல் குற்றங்களைத் தடுக்கும் சட்டத்தில் இதே ஏற்பாடு இருக்கிறது.

கேள்வி: டி.என்.ஏ. ஒத்துப்போனால் பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை, சரிதானே?

ஆய்வகத்தில் பரிசோதித்த மாதிரி, உடலில் எடுத்த அதே மாதிரிதான் என்று நிரூபித்தால் மட்டும் சரி. 2011-ல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் நடந்த இரட்டைக் கொலையில் விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தூக்கு என்றன. 2025 ஜூலை 15-ல் உச்ச நீதிமன்றம் தண்டிக்கப்பட்டவரை விடுதலை செய்தது. மாதிரி கைமாறிய சங்கிலியில் ஓட்டை இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

அதோடு நாடு முழுமைக்கும் உத்தரவும் போட்டார்கள். மாதிரிப் பொட்டலத்தின் மேல் எஃப்.ஐ.ஆர். எண், தேதி, பிரிவு, காவல் நிலையம், புலன் விசாரணை அதிகாரி விவரம் இருக்க வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் வழக்கு நாட்குறிப்பில் காரணம் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்ற அனுமதி இல்லாமல் முத்திரையைப் பிரிக்கக் கூடாது. கைமாறல் பதிவேடு வழக்குக் கட்டோடு சேர வேண்டும். வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பதிவேட்டைத்தான். "ஒத்துப்போகிறது" என்ற கடைசிப் பக்கத்தை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: குற்றம் நடந்தபோது பையனுக்கு 18 ஆகவில்லை. அப்போது யாரும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் எடுபடுமா?

எடுபடும். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 9(2)-ன்படி எந்த நிலையிலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம். முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லையென்றால் ஊராட்சி, நகராட்சி பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்த ஒருவர் 28 ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தவர். ராஜஸ்தான் பள்ளிப் பதிவேட்டின்படி சம்பவத்தன்று அவருக்கு வயது 12. வழக்கில் அவர் பெயரே வேறாக எழுதப்பட்டிருந்தது.

கேள்வி: என் தம்பிக்குத் தூக்கு விதித்துப் பத்து நாள் ஆகிறது. என்ன செய்வது என்றே தெரியவில்லை ஐயா.

அம்மா, முதலில் ஒன்று: உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் இந்தத் தண்டனையை நிறைவேற்ற முடியாது. பி.என்.எஸ்.எஸ். 407 அதைத்தான் சொல்கிறது. கட்டு தானாகவே உயர் நீதிமன்றம் போகும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். தண்டனை விதித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தம்பி பெயரில் தனி மேல்முறையீடு போட வேண்டும். உங்களுக்கு இன்னும் சுமார் இருபது நாள் இருக்கிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகலை, கேட்காமலே, இலவசமாக உடனே தர வேண்டும். கைக்கு வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவுக்கு இன்றே மனு கொடுங்கள்.

இரண்டாவது வேலை உங்களுடையது. தம்பியின் பள்ளிச் சான்றுகள், மருத்துவச் சீட்டுகள், தலையில் அடிபட்டது, மனநலச் சிகிச்சை, சிறு வயதில் வேலைக்குப் போனது என்று கிடைத்ததையெல்லாம் சேருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2022 மே மாத மனோஜ் தீர்ப்பின்படி தண்டனையைக் குறைக்கும் சூழ்நிலைகளை நீதிமன்றம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தீர்ப்புச் சொன்ன அன்றே அவசரமாகத் தண்டனையையும் விதித்திருந்தால் வக்கீலிடம் அதைச் சொல்லுங்கள்.

உயர் நீதிமன்றத்திலும் உறுதியானால், உச்ச நீதிமன்றம் போக 60 நாள். அங்கேயும் தள்ளுபடியானால், அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கக் கேட்டு 30 நாளில் சீராய்வு மனு. 2014-க்குப் பிறகு தூக்கு வழக்குச் சீராய்வை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில், வாதம் கேட்டு, விசாரிக்க வேண்டும். நாசிக் ஆறு பேரின் வழக்கு சீராய்வில்தான் மீண்டும் திறந்தது.

கேள்வி: தப்பாகத் தண்டித்தால் அரசு நஷ்ட ஈடு தருமா?

உரிமையாகக் கேட்கச் சட்டம் இல்லை. சட்ட ஆணையத்தின் 277-வது அறிக்கை 2018-லேயே சட்டம் கேட்டது, கிடப்பில் கிடக்கிறது. நாசிக் வழக்கில் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம். 16 வருடத்துக்கு அது போதவே போதாது.

கேள்வி: கருணை மனுவில் "நான் செய்யவில்லை" என்று எழுதலாமா? மன்னிப்புதான் கேட்க வேண்டுமா?

தாராளமாக எழுதலாம். கேஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: குடியரசுத் தலைவர் சாட்சியங்களைத் தாமே பரிசீலித்து, நீதிமன்றத்திலிருந்து மாறுபட்ட முடிவுக்கு வரலாம். எனவே மனுவோடு விட்டுப்போன சாட்சியம், மகஜர் நேர முரண்பாடு, வயதுச் சான்று எல்லாவற்றையும் இணையுங்கள். உச்ச நீதிமன்றத் தள்ளுபடியைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள் கெடு. முதலில் ஆளுநரிடம் மனு கொடுத்து அவர் நிராகரித்தால், அங்கிருந்து 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. உறவினரும் போடலாம். நிராகரிப்பைத் தெரிவித்த நாளுக்கும் தூக்குக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்பது 2014 சத்ருகன் சௌஹான் தீர்ப்பு. மனு கொடுத்ததற்கான ஒப்புகையில் தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தாமதத்தைக் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது அந்தத் தேதிதான் ஆதாரம்.