வீடியோ டிஜே மடிக்கணினி: கவலைப்படும் ஒரு தந்தைக்குப் பதில்

அன்புடையீர்,

விஸ்காம் முதலாண்டு படித்துக்கொண்டே வார இறுதிகளில் கல்யாண வரவேற்புகளுக்கு டிஜே ஒருவரின் உதவியாளராகச் சென்றுவரும் தங்கள் மகன், வீடியோ மிக்சிங் பழக 1,20,000 ரூபாய் கேமிங் மடிக்கணினி கேட்பதாகவும், கடைக்காரரோ "ஐ7 இருந்தால் எல்லாம் ஓடும் சார்" என்று 75,000 ரூபாயில் மெல்லிய மடிக்கணினி ஒன்றைக் காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் சொல்வதை ஏற்க வேண்டாம்; மகன் கேட்கும் விலையும் இப்போதைக்குத் தேவையில்லை. தாங்கள் ஒதுக்கியுள்ள தொகைக்குள்ளேயே இந்த வேலைக்குத் தாங்கும் கருவியைத் தேட முடியும், ஆனால் ஐ7 என்பது போன்ற பிராசசரின் பெயரை மட்டும் வைத்துத் தேடக் கூடாது.

பாட்டை மட்டும் கலக்கும் டிஜேவுக்குப் பழைய மடிக்கணினிகூடப் போதும். வீடியோ என்று வரும்போது, திரையில் ஒரு பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாடலின் படத்தையும் பிரித்தெடுத்து, இரண்டையும் கலந்து, எல்.இ.டி. திரைக்கு அனுப்பியாக வேண்டும். முழு எச்.டி. வீடியோவின் ஒரு பிரேம், அதாவது ஒரு தனிப் படம், சுருக்கம் நீக்கிய நிலையில் ஏறக்குறைய 8 எம்.பி. இருக்கும், நொடிக்கு 30 பிரேம் வீதம் இரண்டு வீடியோக்கள் என்றால் நொடிக்கு 500 எம்.பி. அளவுக்குத் தரவு உள்ளே நகர்கிறது. இதற்கிடையில் ஒலியும் அறுபடக் கூடாது. ஒலியின் பஃபரை, அதாவது முன்கூட்டியே சேர்த்துவைக்கும் துணுக்கை, 512 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு அளவீடு) என்று வைத்தால், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 12 மில்லிநொடிதான். அதற்குள் அடுத்த துணுக்கு வந்து சேராவிட்டால் ஸ்பீக்கரில் 'டப்' என்று வெடிக்கும். படம் ஒரு பிரேம் தவறினால் மண்டபத்தில் எவரும் கவனிப்பதில்லை. பாட்டு விக்கினால் பந்தியில் இருப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

எனவே பிராசசரின் சுமையைக் குறைக்க, படவேலையைத் தனியாகக் கவனிக்கும் கிராபிக்ஸ் கார்டு அவசியம். நுழைவுநிலை கேமிங் மடிக்கணினிகளில் வரும் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு போதுமானது, அதிலும் 4 ஜி.பி. அல்லாமல் 6 ஜி.பி. நினைவகம் உள்ளதைக் கேளுங்கள். ஒரே பெயருள்ள கார்டுக்கு ஒவ்வொரு மாடலிலும் வெவ்வேறு மின்வரம்பு இருக்கும் என்பதைக் கடைகளில் பெரும்பாலும் சொல்வதில்லை, மடிக்கணினிக்கான ஆர்.டி.எக்ஸ். 4050 கார்டையே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் நிறுவனங்கள் பொருத்தலாம். குறைந்த வாட்டில் கட்டிவைத்த உயர்ந்த கார்டைவிட, நிறைந்த வாட்டில் ஓடும், அதற்கு ஒரு படி கீழான கார்டையே நான் பரிந்துரைப்பேன். ரேம் 16 ஜி.பி., முடிந்தால் இரண்டு 8 ஜி.பி. துண்டுகளாக. என்.வி.எம்.இ. எனும் வேகமான வகை எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் 512 ஜி.பி. இருந்து, இன்னொன்று செருக இடமும் இருந்தால் நல்லது.

இந்த எண்களைவிட முக்கியமானது வெப்பம். மே மாத முகூர்த்தத்தில் திறந்தவெளி மேடையில் மூன்று மணி நேரம் ஓட வேண்டிய கருவி, முதல் பத்து நிமிடம் காட்டும் வேகத்தைக் கடைசிவரை காட்ட வேண்டும். மெல்லிய மடிக்கணினிகள் சூடேறியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கடைக்காரர் காட்டியதை வேண்டாம் என்றதற்கு முதற்காரணம் அதுதான். ஆகவே அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் எவரிடமாவது கேட்டு, விர்ச்சுவல் டிஜே என்ற மென்பொருளையோ, வீடியோ கலக்கும் ரெசொலூம் மென்பொருளின் சோதனைப் பதிப்பையோ நிறுவி, வீட்டு டிவியை எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்து, இரண்டு வீடியோக்களை மாற்றி மாற்றிக் கலந்து, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது என்விடியா கண்ட்ரோல் பேனலில் பிஸ்எக்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால், அந்த எச்.டி.எம்.ஐ. துளை தனி கார்டோடு இணைந்திருக்கிறதா, பிராசசருக்குள் உள்ள கிராபிக்ஸோடு இணைந்திருக்கிறதா என்பது படமாகவே தெரியும். தனி கார்டோடு நேராக இணைந்திருப்பதே இந்த வேலைக்கு உகந்தது. லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளையும் ஓட்டிப் பார்க்கட்டும்: ஒலியைத் தடுக்கும் டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் துணை மென்பொருள்) எது என்று அது பெயரோடு காட்டும். வைஃபை டிரைவரே குற்றவாளியாக இருப்பது வழக்கம். நிகழ்ச்சியின்போது வைஃபையை அணைத்துவிட்டால் தீரும். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது மட்டும் கூடாது, ஏனெனில் பேட்டரியில் தனி கார்டின் திறன் வெகுவாகக் குறையும்.

மகன் தன் மடிக்கணினியைக் குறைசொல்வதற்கு முன் தன் கோப்புகளையும் பார்க்க வேண்டும். வழக்கமான எச்.264 என்ற சுருக்க முறையிலுள்ள வீடியோவில் இடையிடையே வரும் முழுப் படங்களைத் தவிர மற்றவை எல்லாம் பக்கத்துப் படங்களிலிருந்து மாறிய பகுதியை மட்டுமே சேமித்திருக்கும். பாட்டின் நடுவிலிருந்து தொடங்கினாலோ பின்னோக்கி ஓட்டினாலோ, முந்தைய முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்கிட்டு வர வேண்டியிருப்பதால்தான் திரை தடுமாறுகிறது. ரெசொலூம் பயன்படுத்துபவர்கள் டி.எக்ஸ்.வி. வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதன் காரணம், அதில் ஒவ்வொரு பிரேமும் தனித்து நிற்பதும், கிராபிக்ஸ் கார்டே அதை விரித்துவிடுவதும்தான். கோப்பு பல மடங்கு பெரிதாகும், வேகமான எஸ்.எஸ்.டி. கேட்டது அதற்காகவே. பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டும் பழக்கத்தை இன்றே விடச் சொல்லுங்கள்.

பழைய மேக்புக் ஏர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பேட்டரியிலும் வேகம் குறையாது என்பது அதன் பலம். ஆனால் எம்1, எம்2 மாடல்களில் வெளித்திரை ஒன்றுக்கு மேல் இணையாது, விசிறியும் இல்லை. பழகுவதற்குச் சரி, மேடைக்கு நான் தயங்குவேன். குரோம்புக் இதற்கு ஆகவே ஆகாது.

கடன் வாங்கி 1,20,000 ரூபாய்க்குப் போவதை நான் ஆதரிக்காததற்குக் காரணம் இந்தத் தொழிலின் வருமானம்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, தவணை மட்டும் அந்த மாதங்களிலும் வரும். மேலும், சம்பளத்துக்கு வாசிக்கத் தொடங்கினால் விர்ச்சுவல் டிஜே போன்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் உண்டு. வீட்டில் பழகுவதற்கு மட்டுமே அது இலவசம். மேலே சொன்ன மடிக்கணினியிலேயே கல்லூரியில் சொல்லித்தரும் வீடியோ எடிட்டிங்கும் ஓடும் என்பதால், மகன் நாளை டிஜே மேடையை விட்டு எடிட்டிங் பக்கம் திரும்பினாலும் தங்கள் பணம் வீணாகாது. அவர் உதவியாளராக இருக்கும் டிஜே எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டு அதையே முதலில் கற்கட்டும். பாட்டுகளைக் கையால் கலக்க உதவும் கண்ட்ரோலர் கருவியை இந்த ஆண்டு வாங்க வேண்டாம். அந்த டிஜேவிடம் இருப்பதிலேயே பழகிக்கொள்ளலாம்.