பூச்சிகளோட எச்சில் சுரப்பி குரோமோசோம்ல சில ஜீன் மட்டும் எப்படி அதிகமா காப்பி ஆகுது?
செல் பிரியாம டிஎன்ஏ மட்டும் திரும்பத் திரும்ப காப்பி ஆகறதாலதான் அந்த சுரப்பில பாலிடீன்னு சொல்ற தடியான குரோமோசோம் வருது, டிரோசோபிலாங்கற பழ ஈயோட லார்வால (புழுப் பருவம்) சுமார் 1024 இழை ஒண்ணா ஒட்டி நிக்கும். ஆனா இது ஜீன் பெருக்கம் (சில ஜீன் மட்டும் கூடுதலா காப்பி ஆகறது) இல்லீங்க, அதுல பெரும்பாலான ஜீன்கள் சமமாத்தான் கூடுது. நீங்க கேக்கறது சியாரா, ரிங்கோசியாரா மாதிரி பூச்சிகள்ல நடக்குது. லார்வா பருவம் முடியற சமயத்துல எக்டைசோன்ங்கற தோலுரிக்க வைக்கிற ஹார்மோன் ஏறினதும் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் கூடுதலா காப்பி ஆகி வீங்கிடும், இதத்தான் டிஎன்ஏ பஃப்னு சொல்றாங்க. ரிங்கோசியாரால கூடு கட்டறதுக்கு குறுகிய நேரத்துல ஏகப்பட்ட புரதம் சுரக்கணும், காப்பி நிறைய இருந்தா அது சுலபம். 1955ல பிரேசில்ல பிரூயர், பாவன்ங்கற விஞ்ஞானிகள் இத சொன்னப்போ, ஒரு உயிரோட எல்லா செல்லுலயும் ஜீன் அளவு மாறவே மாறாதுங்கற நம்பிக்கையே ஆட்டம் கண்டுச்சு, எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே அதான்.