கிரீஸில் படகு, வேலூரில் வழக்கு

கேள்வி: குடியாத்தத்தில் கைலி மொத்த வியாபாரம் செய்கிறேன். போன ஜூனில் குடும்பத்தோடு கிரீஸ் தீவுகளைச் சுற்ற, பாய்மரப் படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொள்ளும் 'பேர்போட்' திட்டத்துக்கு வேலூர் டிராவல்ஸ் ஒன்றில் ரூ.4,60,000 கட்டினேன். "கார் லைசென்ஸ் போதும் சார்" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினார்கள். அங்கே போனால் படகு உரிமம் கேட்டு, படகைத் தர மறுத்துவிட்டார்கள். 7 நாளில் ஒரு நாள் வீண். தினம் 200 யூரோவுக்கு ஸ்கிப்பர் (படகை ஓட்டுபவர்) வைத்துத்தான் கிளம்பினோம். பணம் கட்டிய பிறகு வந்த ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வழக்கு என்றால் ஏதென்ஸில்தான் என்று அதில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: படகுக் கம்பெனியை விட்டுவிடுங்கள். கிரீஸில் பேர்போட் எடுப்பவரிடம் முறையான உரிமம் இருக்க வேண்டும், படகு அனுபவமுள்ள இன்னொருவரும் கூட வேண்டும். அவர்கள் மறுத்தது சரிதான். பாலாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிற மாவட்டத்துக்காரரிடம் இதை விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும்.

"கையெழுத்துப் போட்டாரே, உரிமம் வேண்டும் என்று அதில் இருக்கிறதே" என்பார் ஏஜென்ட். அதற்குப் பயப்படாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-இன்படி, தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். இவர் மறைத்தது மட்டுமா, நேர்மாறாகவே சொல்லியிருக்கிறார். பணம் கட்டிய தேதி, ஒப்பந்தம் வந்த மின்னஞ்சலின் தேதி இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். வழக்கில் பாதி வேலை அதுவே செய்துவிடும்.

ஏதென்ஸ் விதி உங்களுக்கும் படகுக் கம்பெனிக்கும் இடையே உள்ளது. ஏஜென்ட் அதன் பின்னால் ஒளிய முடியாது. ரசீது அவர் பெயரில் இருந்தால், "நான் வெறும் இடைத்தரகர்" என்ற பேச்சும் எடுபடுவது கடினம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட பிரிவு 34 இடம் தருவதால், வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு.

முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். ஆறு நாள் படகில் சுற்றியிருக்கிறீர்கள், ஆணையம் முகம் சுளிக்கும். ஸ்கிப்பர் கூலி, அவர் சாப்பாட்டுச் செலவு, வீணான ஒரு நாள் வாடகை, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு... இவ்வளவு போதும். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பலர் அதிலேயே இறங்கி வருவார்கள்.

வாய்ஸ் வந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். வாய்ஸ் போன்ற மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்டத் தேவையான, பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன் சான்றிதழையும் தயார் செய்யுங்கள். அதில் ஒரு பகுதியை நீங்களும், இன்னொன்றைக் கணினி நிபுணரும் நிரப்ப வேண்டும்.

அப்புறம், பணம் கடையின் கரண்ட் அக்கவுண்டிலிருந்து போனதா? வியாபாரச் செலவாகக் கணக்கில் எழுதியிருந்தால், "வியாபாரத்துக்காக வாங்கிய சேவை, இவர் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே கிளப்பும். நோட்டீஸ் அனுப்பும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.