நூறு வயது நாற்சார் வீடு: இடிக்க முன்னம் தெரிய வேண்டியவை

கேள்வி: யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் பிரதான வீதியை ஒட்டி, ஆறு பரப்புக் காணியில் எங்கள் அப்பப்பா கட்டிய நாற்சார் வீடு (நடுவில் முற்றம், நாலு பக்கமும் கட்டடம்) இருக்கிறது. நூறு வருடம் தாண்டிவிட்டது. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அண்ணா லண்டனில், அக்கா ரொறன்ரோவில், நான் இந்த வீட்டில். ஒரு கட்டட நிறுவனம் வீட்டை இடித்து நாலு மாடித் தொடர்மாடி கட்டுவதாகவும், அதில் பாதி வீடுகள் எங்களுக்கு என்றும் அண்ணாவோடு பேசியிருக்கிறது. "முதல் இடித்து வெளியாக்குங்கோ, பிறகு பிளான் போடலாம். தாமதித்தால் தொல்லியல்காரர் வந்து வீட்டைப் பிடித்துவிடுவினம்" என்கிறார் அவர்களின் ஆள். அக்கா ஒன்றும் சொல்கிறார் இல்லை. எனக்கு இடிக்க மனமில்லை. ஆனால் கூரை ஒழுகுகிறது, திருத்தக் கையில் காசும் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நூறு வருடம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் இந்த வீட்டை இடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதேவேளை, உங்கள் கையெழுத்து இல்லாமல் அண்ணாவால் அந்த வீட்டை இடிக்க முடியாது. வீட்டைக் காக்க இன்றைக்கு இருக்கிற பலமான சட்டப் பாதுகாப்பு உங்களுடைய மூன்றில் ஒரு பங்குதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதலில் தொல்லியல் பயத்தைத் தீர்ப்போம். இலங்கையில் இதற்கான சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். 1998இல் அது திருத்தப்பட்டது. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதிக்கு முந்திய கட்டடங்களைத்தான் அது அடிப்படையில் பழைய சின்னங்களாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிந்திய கட்டடத்தையும் பாதுகாக்கலாம். ஆனால் அதற்கு அமைச்சரின் கட்டளை வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வெளிவர வேண்டும். ஊரில் அடிபடுகிற "நூறு வருடம்" என்ற கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது. நூறு வயதான கட்டடம் அந்தப் பட்டியலுக்குத் தகுதி பெறலாம். பட்டியலில் தானாக ஏறாது.

சரி, தனியார் காணியில் இருக்கும் ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பிரகடனம் செய்தால் என்ன நடக்கும்? சொந்தம் உங்களிடமே இருக்கும். பிரகடனத்துக்கு முன் அறிவித்தல் தர வேண்டும். ஆட்சேபனை சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதன் பிறகு திருத்துவது, மாற்றுவது, சேர்த்துக் கட்டுவது எல்லாவற்றுக்கும் தொல்லியல் பணிப்பாளரின் அனுமதி வேண்டும். அது சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் "வந்து பிடித்துவிடுவினம்" என்று சொல்வது உங்களை அவசரப்படுத்தச் சொன்ன பேச்சு. வீடு வர்த்தமானியில் இருக்கிறதா என்று தொல்லியல் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். அத்திவாரம் தோண்டும்போது பழைய பொருள் ஏதும் கிடைத்தால் அது அரசுக்குரியது, உடனே அறிவிக்க வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். கோட்டைக்கும் நல்லூருக்கும் இடைப்பட்ட நிலத்தில் இது நடக்காத காரியம் அல்ல.

தெற்கே காலி நகரத்துக் கோட்டையை ஒரு பகுதியாகவே காப்பாற்ற 1994இல் தனிச் சட்டம் போட்டு ஒரு மன்றம் அமைத்தார்கள். 1988இலேயே அந்தக் கோட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பிரதான வீதிக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் யுத்தத்தில் தரைமட்டமானது. எத்தனை வீடுகள் ஷெல்லடியில் போயின என்பதைச் சுண்டுக்குளியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதைத் தாண்டி நிற்கிற வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக ஒப்பந்தத்தால் போய்க்கொண்டிருக்கின்றன. எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம். ஆனாலும் உங்கள் குடும்பத்தின் காணியில் என் வருத்தத்துக்குச் சட்ட வலு இல்லை. ஆகவே உங்களுக்கு இருக்கிற வலுவுக்கு வருகிறேன்.

அப்பாவின் முதுசம் மூன்று பிள்ளைகளுக்கும் வந்திருந்தால் நீங்கள் மூவரும் பிரிபடாத பங்காளிகள். பங்காளி ஒருவர் காணியை நியாயமாகப் பயன்படுத்தலாம், குடியிருக்கலாம். மற்றவர்களின் சம்மதமில்லாமல் பொதுச் சொத்தின் தன்மையையே மாற்ற முடியாது. இருக்கிற வீட்டை இடிப்பதைவிடப் பெரிய மாற்றம் என்ன இருக்கிறது? அண்ணாவும் அக்காவும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு வைத்திருந்தாலும், பெரும்பான்மை என்று சொல்லி உங்களைத் தாண்டிப் போக முடியாது. அப்படி முயன்றால் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை கேட்கலாம். அவசரம் என்றால் மறுதரப்பைக் கேட்காமலே பதினான்கு நாட்களுக்குத் தடை உத்தரவு கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கூரை கழற்றத் தொடங்கிய பிறகு ஓடிவந்தால், தடை கிடைத்தாலும் காப்பாற்ற மிச்சம் ஒன்றும் இருக்காது. சாமான் இறக்குகிற அன்றே வாருங்கள்.

இதில் ஒரு கேள்வி உங்கள் கடிதத்தில் இல்லை. காணி உறுதி (உரிமைப் பத்திரம்) யாருடைய பெயரில் இருக்கிறது? அப்பாவின் பெயரிலா, இன்னும் அப்பப்பாவின் பெயரிலா? அப்பப்பாவின் பெயரில் என்றால் அப்பாவின் சகோதரங்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கலாம். கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கிற மச்சான் மச்சாள்மார் எல்லாரும் இந்தக் கதைக்குள் வந்துவிடுவார்கள். இறந்தவரின் ஆதனத்தின் பெறுமதி சட்டம் வைத்திருக்கும் எல்லையைத் தாண்டினால், மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தை உரித்தாளிகளுக்குச் சேர்ப்பிக்கும் நீதிமன்ற நடவடிக்கை) முடிக்காமல் விற்கவோ கைமாற்றவோ கூடாது. 1995 இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அதையே முதலில் செய்யுங்கள். அக்கா பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று யாரும் எடுக்க முடியாது. அவர் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பதென்றால், என்ன காரியத்துக்கு என்று வரையறுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். "எல்லாம் செய்யலாம்" என்று நிறுவனத்தின் ஆளுக்குக் கொடுக்கும் தத்துவம் காணியையே கொடுப்பதற்குச் சமம்.

இனி அந்த "முதல் இடிப்போம், பிறகு பிளான்" என்ற யோசனை. கேட்டு நடந்துவிடாதீர்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பிரகடனப்படுத்திய பகுதிக்குள் கட்டட வேலை எதற்கும் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தச் சட்டம் கட்டுவதை மட்டும் அபிவிருத்தி என்று சொல்லவில்லை. நிலத்தின் மேல் நடக்கும் கட்டட, பொறியியல் வேலைகளையும் பயன்பாட்டை மாற்றுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மீறினால் வேலையை நிறுத்தவும் பழையபடி ஆக்கவும் அறிவித்தல் வரும். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றக் கட்டளை வரும். நிறுவனம் அப்போது கைகழுவிவிடும். காணிச் சொந்தக்காரராக நீங்கள்தான் நிற்பீர்கள்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. உங்கள் வீட்டு விறாந்தை அநேகமாக வீதி ஓரத்திலேயே நிற்கும், அந்தக் காலத்துப் பிரதான வீதி வீடுகள் அப்படித்தான். நிற்கிற வீடு நிற்கலாம். இடித்துவிட்டால் அதே இடத்தில் திரும்பக் கட்ட முடியாது. இன்றைய வீதிக் கோடு, கட்டடக் கோடு (வீதியிலிருந்து கட்டடம் விலக வேண்டிய எல்லை) பார்த்துப் பின்தள்ள வேண்டும். எத்தனை மாடி, எவ்வளவு தளப்பரப்பு என்பதும் வீதியின் அகலத்தையும் காணியின் அளவையும் வைத்தே தீர்மானமாகும். வாகனத் தரிப்பிடம் விட வேண்டும், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி விட வேண்டும். நிறுவனம் காகிதத்தில் காட்டுகிற நாலு மாடி, இதெல்லாம் கழித்த பிறகு இரண்டரை மாடியாகச் சுருங்கலாம். அப்போது வீடும் இல்லை, சொன்ன கட்டடமும் இல்லை. ஆகவே வீடு நிற்கும்போதே முன்னோடித் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பித்து, இந்தக் காணியில் உண்மையில் என்ன கட்டலாம் என்று எழுத்தில் பெறுங்கள். அண்ணாவுக்கும் அதுதான் நல்லது. அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு அவரே யோசிக்கக் கூடும்.

கிணற்றைப் பற்றி ஒன்று. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிறது. கழிவு அதற்குள் இலேசாக இறங்கிவிடும். ஒரு குடும்பம் இருந்த ஆறு பரப்பில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் குழி வந்தால் உங்கள் கிணறு மட்டும் அல்ல, அயலவர் கிணறும் போகும். அயலவர் ஆட்சேபனை எழுதினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். காணி சம்பந்தமான எந்த உடன்படிக்கையும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சும் வட்ஸ்அப் தகவலும் நிற்காது. "பாதி வீடு" என்றால் எந்த மாடி, எத்தனை சதுர அடி, எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும். தொடர்மாடியில் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி கிடைப்பது கட்டி முடித்து, அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழ் பெற்று, 1973ஆம் ஆண்டுத் தொடர்மாடிச் சட்டத்தின் கீழ்ப் படம் பதிவான பிறகுதான். அதுவரைக்கும் உங்கள் கையில் இருப்பது ஒரு வாக்குறுதி மட்டுமே. ஆகவே முன்கூட்டியே காணியின் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் காணியை வங்கியில் ஈடு வைக்கவும் விடாதீர்கள். கட்டும் காலத்தில் உங்கள் வாடகை யார் பொறுப்பு, பாதியில் நின்றால் என்ன என்று கேளுங்கள். அண்ணாவும் அக்காவும் இலங்கைப் பிரஜாவுரிமையை வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். முதுசமாக வந்த பங்குக்கு ஆபத்தில்லை. ஆனால் வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை.

பழைய கதவு, நிலை, தேக்கந்தூண், சீமை ஓடு, பனஞ்சிலாகை இவற்றுக்கு நல்ல விலை உண்டு. "இடிக்கும் செலவுக்கு ஈடாக நாங்கள் எடுக்கிறோம்" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தின் நடுவில் இருந்தால் அதை வெட்டுங்கள். அந்தத் தூண்களின் விலை இடிக்கும் செலவைவிடக் கூடவாக இருக்கலாம்.

என் அபிப்பிராயம் கேட்டால், இடிப்பதும் அப்படியே விடுவதும் தவிர வேறு வழி உங்களுக்கு இருக்கிறது. வீட்டை வைத்துக்கொண்டு பின்வளவில் இரண்டு மாடிக்கு ஒரு கட்டடம் போட இடம் வருமா என்று ஒரு நில அளவையாளரையும் ஒரு வரைஞரையும் கொண்டு பாருங்கள். ஆறு பரப்பில் அநேகமாக வரும். அண்ணாவுக்குப் பின்கட்டு, உங்களுக்கு முன்வீடு என்று பிரித்து, வித்தியாசத்தைப் பணமாகச் சமப்படுத்தலாம். முற்றமும் தலைவாசலும் உள்ள வீட்டைத் தங்குமிடமாக நடத்துவோருக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் மரபுவீடு என்ற வகையில் பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

ஆனால் அண்ணாவுடன் பேச முடியாது என்று வீம்பு பிடிக்கவும் வேண்டாம். சம்மதம் தராமலே இருந்தால் அவர் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரிவிடல் வழக்குப் போடலாம். அது அவருடைய உரிமை. பிரிக்க முடியாத காணி என்று நீதிமன்றம் கண்டால் ஏலத்தில் விற்கக் கட்டளையிடலாம். அப்போது வீடு இருவர் கையிலும் இருக்காது, வாங்குகிறவர் மறுநாளே இடிக்கலாம். அவர் தன் பங்கை நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தால் மட்டும் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி உங்களுக்கு அறிவித்தல் தந்த பிறகே வெளியாருக்கு விற்கலாம். ஆனால் வாங்கக் காசு வேண்டும். ஆகவே அந்த உரிமையை மட்டும் நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

கூரை விஷயம் காத்திருக்காது. வீட்டைக் காக்க அவசியமான திருத்தத்துக்கு மற்றப் பங்காளிகளும் பங்கு தர வேண்டும் என்பது சட்டம். மாரி மழைக்கு முன் உடைந்த ஓடுகளையும் சிலாகையையும் மாற்றுங்கள், செலவுக்குப் பற்றுச்சீட்டு எடுங்கள், முன்னும் பின்னும் படம் எடுங்கள். மேசனிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு வேண்டாம். ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவர் உப்புப் பூத்து உதிரும். பிறகு "சுவர் போய்விட்டது, இடிக்கத்தான் வேண்டும்" என்று அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

இந்தக் கிழமைக்குள் இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று யாழ் மாநகர சபை ஆணையாளருக்கு: இந்த ஆதனத்துக்கு நீங்கள் ஒரு பங்காளி, உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாத இடிப்பு அல்லது கட்டட விண்ணப்பம் வந்தால் உங்களையும் கேட்க வேண்டும் என்று. மற்றது நிறுவனத்துக்கு, அதே செய்தியோடு. இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நீங்களே நேரடியாக அனுப்புங்கள். அவர்கள் அதை இன்னொருவர் வாயால் கேள்விப்படக் கூடாது.