கைத்தறி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து, தறி வைத்திருக்கும் பெண்களிடமே நேரடியாக 80-ஆம் நம்பர் (மெல்லிய நூல்) பருத்திச் சேலை நெய்து வாங்கி விற்க இருக்கிறோம். சேலைக்கு என்ன கூலி கொடுத்தால் நியாயம்?
– வாசகி, ஈரோடு

பதில்: ஊரில் நடப்புக் கூலியை விசாரித்து அதற்கு மேல் ஐம்பது ரூபாய் சேர்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தக் கூலி பெரும்பாலும் தறியில் உட்காரும் நேரத்துக்கு மட்டும்தான். தார் சுற்றுவதும் (குறுக்கு நூலைச் சிறு குழலில் சுற்றுவது) பாவு பிணைப்பதும் (தறியின் நீளவாட்டு நூலை இணைப்பது) வீட்டுப் பெண்கள் சும்மா செய்துதரும் வேலையாகவே போய்விடுகிறது. அநியாயம் தொடங்குவது அங்கேதான்.

கணக்கை நேரத்திலிருந்து போடுங்கள். ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டர், இஞ்சுக்கு 68 ஊடை, அதாவது குறுக்கு இழை, என்றால் அந்த நூலைக் கொண்டு ஓடும் நாடா ஏறத்தாழ 16,600 தடவை குறுக்கே ஓட வேண்டும். எளிய கரை, முந்தி என்றால் இரண்டு நாள், அதாவது 16 மணி நேரம் என்று வையுங்கள். தார் சுற்ற 2 மணி. நான்கு சேலைப் பாவில் 3,400 இழையையும் பழைய பாவோடு ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்க ஒரு நாள் போகும். சேலைக்கு 2 மணி. ஆக 20 மணி, இரண்டரை நாள். நாள் கூலி 600 ரூபாய் என்று பேசினால் சேலைக்கு 1,500 வர வேண்டும், 1,200 அல்ல. தார் சுற்றுபவர் மாமியாரோ மகளோ, அவர் பங்கை அவர் கையிலேயே கொடுங்கள்.

நூலை நீங்களே கொடுங்கள். இந்தச் சேலைக்கு 305 கிராம் பிடிக்கும். கழிவுக்கும் சேர்த்து 320 கிராம். அளந்து 305 மட்டும் கொடுத்தால் அறுந்த இழையின் நஷ்டம் நெய்பவர் தலையில் விழும். கூலியைக் குறைத்தாலோ ஊடை 68 என்பது 60 ஆகும். சேலைக்கு ஏறத்தாழ 2,000 நாடா வீச்சு மிச்சம், துணி நெகிழ்ந்துவிடும். இழை எண்ணும் கண்ணாடியால் முந்தி, நடு, மறுமுனை என மூன்று இடத்தில் எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால் நெய்தவரைக் கடிந்துகொள்ளுமுன் உங்கள் கூலிக் கணக்கைப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கெடு வைக்காதீர்கள். மழையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்க முடியாது. குழித்தறியில் தண்ணீர் ஊறும். அந்த மாதங்களுக்கான ஆர்டரை ஆடியிலேயே கொடுத்து, பாதிப் பணமும் தந்துவிடுங்கள். முன்பணத்தைக் காட்டி ‘வேறு யாருக்கும் நெய்யாதே’ என்று கட்டிப்போடுவது மட்டும் வேண்டாம்.

கேள்வி: தறி கணவர் பெயரில் இருக்கிறது. நெய்வது நான். எனக்குத் தனியாக நெசவாளர் அடையாள அட்டை கிடைக்குமா?
– வாசகி, பரமக்குடி

பதில்: கிடைக்கும். தறி யாருடையது என்பதல்ல, நெய்வது யார் என்பதே கேள்வி. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் பதிவான சுமார் 35 லட்சம் பேரில் 70 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள்தாம். தார் சுற்றுவோர், பாவு பிணைப்போரும் அதில் சேர்த்தி. ஆதாரும் உங்கள் பெயரிலான வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு உங்கள் சரகக் கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். கூட்டுக் கணக்கு வேண்டாம். நெசவாளர் முத்ரா கடன் 6 சதவீத வட்டியில் கிடைக்கும். அதைக் கேட்கும்போதும் இந்த அட்டை உதவும்.