ஈமாக்ஸ் ஷெல்லில் கண்ட்ரோல் விசைகள்: கேள்வி-பதில்

கேள்வி: ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியின் ஷெல் பஃபரில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓடவிடும் பகுதியில்) பிங் கட்டளையை (வேறொரு கணினி பதில் தருகிறதா என்று பார்ப்பதை) ஓடவிட்டேன். கண்ட்ரோல்-சி அழுத்தினால் அது நிற்பதில்லை. திரையின் அடிவரியில் ஏதோ எழுத்துதான் தெரிகிறது.

பதில்: விசை முதலில் ஈமாக்ஸிடம்தான் போய்ச் சேர்கிறது. அதற்குக் கண்ட்ரோல்-சி ஒரு முன்னொட்டு விசை என்பதால், அடுத்த விசை எது என்று அது காத்திருக்கிறது. அதே விசையை இன்னொரு முறை அழுத்தினால் பிங் நின்று, போன பாக்கெட்டுகள் எத்தனை, திரும்பியவை எத்தனை என்ற கணக்கை எழுதிவிடும். லினக்ஸில் நடப்பது இதுதான்: 3 என்ற ஆஸ்கி எண்ணுக்குரிய எழுத்தை ஈமாக்ஸ் போலி முனையத்துக்குள் (மென்பொருளாலான முனையத்துக்குள்) அனுப்ப, இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைக் குறுக்கீட்டு சிக்னலாக மாற்றி, முன்னணியில் ஓடும் நிரலுக்குக் கொடுக்கிறது.

கேள்வி: எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் நிரல்) மூலம் வேறு சர்வரில் ஓடும் நிரலையும் இப்படி நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தலாம். எஸ்எஸ்ஹெச் முனையத்தோடு இணைந்து ஓடும்போது உள்ளூர் முனையத்தை மூலநிலைக்கு (விசைகளை அப்படியே கடத்தும் நிலைக்கு) மாற்றிவிடுவதால், அந்த எழுத்து இங்கே சிக்னலாக மாறாமல் அப்படியே மறுமுனைக்குப் போய், அங்குள்ள முனையத்தில்தான் சிக்னலாகிறது.

கேள்வி: கண்ட்ரோல்-இசட் (நிரலை இடைநிறுத்துவது), கண்ட்ரோல்-டி (உள்ளீடு முடிந்தது என்று சொல்வது) ஆகியவற்றுக்கும் இதே வழிதானா?

பதில்: ஆம், இரண்டுக்கும் முன்னால் ஒரு கண்ட்ரோல்-சி தேவை. கண்ட்ரோல்-டியை மட்டும் பஃபரின் கடைசியில், ஒன்றும் தட்டச்சு செய்யாத நிலையில், தனியாகவும் அழுத்தலாம். மற்ற இடங்களில் அது எழுத்தை அழிக்கும். கண்ட்ரோல்-இசட்டில் எச்சரிக்கை வேண்டும். வேறு நிரல் எதுவும் ஓடாதபோது அதை அனுப்பினால் ஷெல்லே உறங்கிப்போகக்கூடும். பிறகு எதைத் தட்டினாலும் பதில் வராது. ஷெல் செத்துவிட்டதென்று பஃபரை மூடிவிடாமல், ஆல்ட்-எக்ஸ் அழுத்தி, ‘காம்இன்ட்-கன்டின்யூ-சப்ஜாப்’ என்ற கட்டளையைக் கொடுங்கள்.

கேள்வி: வேறு கட்டுப்பாட்டு எழுத்துகளை அனுப்புவது எப்படி?

பதில்: கண்ட்ரோல்-க்யூ அழுத்திவிட்டு வேண்டிய விசையை அழுத்தினால், அந்த எழுத்து வரியில் அப்படியே பதியும், என்டர் தட்டினால் நிரலுக்குப் போகும். ஆனால் புதுவரிக் குறியும் உடன் போகும், சில நிரல்களுக்கு அது தொல்லை. அவற்றுக்கு, ஆல்ட்-முக்காற்புள்ளி அழுத்தி, ‘பிராசஸ்-சென்ட்-ஸ்ட்ரிங்’ என்ற லிஸ்ப் (ஈமாக்ஸின் நிரல்மொழி) செயற்கூறால் எழுத்தை மட்டும் அனுப்புவதே நல்லது.

கேள்வி: விஐ (உரைத்திருத்தி), லெஸ் (கோப்பைப் பக்கம்பக்கமாகக் காட்டுவது) போன்றவை ஷெல் பஃபரில் ஏன் ஒழுங்காக ஓடுவதில்லை?

பதில்: ஷெல் பஃபர் தன்னை ‘டம்ப்’ வகை முனையம் (எழுத்துகளை வரிசையாகக் காட்ட மட்டுமே தெரிந்த எளிய முனையம்) என்றே அறிவித்துக்கொள்கிறது. கர்சரை நகர்த்தும் கட்டளைகள் அங்கே செல்லாது. முழுத்திரை நிரல்களுக்கு, ஈமாக்ஸுக்குள் ஓடும் முனையமான ‘அன்சி-டெர்ம்’ பயன்படுத்துங்கள். அதன் எழுத்துநிலையில் பெரும்பாலான விசைகள் நேராக நிரலுக்குப் போகும், ஆனால் கண்ட்ரோல்-சியை அங்கேயும் இருமுறை அழுத்த வேண்டும். கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-ஜே வரிநிலைக்கும் (வரியை முழுதாக எழுதி என்டர் தட்டி அனுப்பும் நிலை), கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-கே எழுத்துநிலைக்கும் மாற்றும்.