அண்ணன் அனுப்பும் பணம் எந்தக் கணக்கில் ஏறும்?

கேள்வி: மன்னார்குடியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். 1990 முதல் இந்தியாவுக்கு வந்த தனியார் மாற்றல்களின், அதாவது வெளிநாட்டிலிருந்து தனிநபர்கள் கைமாறு இல்லாமல் அனுப்பும் பணத்தின், வளர்ச்சிதான் என் ப்ராஜெக்ட். சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் அம்மாவுக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டு, மீதியைத் தன் என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்குள்ள வங்கியில் வைக்கும் கணக்கு) போடுகிறார். இரண்டுமே மாற்றல்தானா?

பதில்: அம்மாவுக்கு வருவது மாற்றல்தான். பதிலுக்குப் பொருளோ சேவையோ போகவில்லை. நாடு வெளிநாடுகளோடு செய்யும் வரவு செலவைக் காட்டும் அயல்நாட்டுச் செலுத்துநிலையில், நேராக நடப்புக் கணக்கின் வரவு (வங்கியின் நடப்புக் கணக்கு அல்ல). என்.ஆர்.இ. பணம் வேறு. அது அண்ணனுடைய டெபாசிட், நினைத்தால் திருப்பி எடுத்துப் போகலாம். அதனால் முதலில் அதே செலுத்துநிலையின் மூலதனக் கணக்கில், அதாவது முதலீடு, கடன், டெபாசிட் பதியும் பகுதியில், ஏறும். பொங்கலுக்கு வந்தவர் அதிலிருந்து ரூபாயாக எடுத்து வீட்டு வேலைக்குக் கொடுத்தால், டெபாசிட் குறையும், அதே தொகை தனியார் மாற்றலாகப் பதிவாகும். ஓர் ஆண்டில் மாற்றல் கூடியிருந்தால் அவ்வளவு பணமும் அந்த ஆண்டே வந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், தொடக்க ஆண்டு. 1990-91இல் வந்த மாற்றல் சுமார் 210 கோடி டாலர். 1996-97இல் சுமார் 1,240 கோடி. ஆறே ஆண்டில் ஏறக்குறைய ஆறு மடங்கு! அத்தனை பேர் புதிதாக விமானம் ஏறவில்லை; பணம் வரும் வழிதான் பெரிதும் மாறியது. டெல்டாவில் பெரியவர்களைக் கேளுங்கள், உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் கைமாறும் சட்டவிரோத வழியில், பணம் வந்த கதை சொல்வார்கள். வங்கியைவிட அதில் ரேட் அதிகம். 1993 மார்ச்சில் ரூபாயின் மதிப்பைச் சந்தைக்கு விட்டதும் அந்த வித்தியாசம் சுருங்கியது. தங்கமும் சேர்ந்தது. 1992 முதல், ஊர் திரும்புவோர் 5 கிலோ வரை வரி கட்டிக் கொண்டுவரலாம் என்றானது. குருவிகள் (கூலிக்குச் சரக்குக் கடத்துபவர்கள்) ஒளித்துக் கொண்டுவந்த சரக்கில் ஒரு பங்கு கணக்குக்குள் வந்தது. அதை இறக்குமதியில் எழுதி, ஈடாகத் தனியார் மாற்றலிலும் வரவு வைத்தார்கள்.

ஆகவே 1990 முதல் ஒரே கோடு இழுத்துச் சராசரி வளர்ச்சி விகிதம் போட வேண்டாம். 1996-97இலிருந்து தொடங்குங்கள், முந்தைய ஆண்டுகளைத் தனியாக விளக்குங்கள். ரூபாய்க் கணக்கும் வேண்டாம்: டாலர் 1990-91இல் 18 ரூபாய்க்குள், 2024-25இல் 84க்கு மேல். அந்த ஆண்டு வந்தது 13,500 கோடி டாலருக்கு மேல்.

நம் தெருவை வைத்து நாட்டையும் எடை போடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பில் அமெரிக்காவின் பங்கு 27.7 சதவீதம், சிங்கப்பூர் 6.6தான்.

இன்னொன்று: ஓராண்டுக்குக் குறைந்த ஒப்பந்தத்தில் போனவரின் சம்பளம் மாற்றலில் வராது. அதை நடப்புக் கணக்கிலேயே முதன்மை வருமானம் என்ற பகுதியில், ஊழியர் ஊதியம் என்ற வரிசையில் தேடுங்கள்.